எல்.சி. வாங்குவது முதல் திருப்பிக் கொடுப்பது வரை: மின்பாதையில் வேலை செய்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

‘மாதாந்திரப் பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் மின்விநியோகம் இருக்காது’ என்று நாளிதழின் உள்பக்கத்தில் வரும் அறிவிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு பிரிவு அலுவலகமே இயங்குகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பொறியாளர்களுக்காகவும், இப்போதுதான் கம்பம் ஏறத் தொடங்கியிருக்கும் தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். எல்.சி. என்றால் ‘லைன் கிளியர்’: பாதையில் மின்சாரத்தை நிறுத்தி, அதில் வேலை செய்யத் துணை மின் நிலையம் கொடுக்கும் அனுமதி. பிரிவு அலுவலகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றவற்றில் எனக்கு முக்கியமானது இது: மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்பது வேறு, கம்பியில் மின்சாரம் இல்லை என்பது வேறு. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைப்பதற்காகத்தான்.

1957 ஜூலை 1-ல் மின்வாரியமாகத் தொடங்கி, 2010-ல் பிரிக்கப்பட்டு, 2024-ல் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று பெயர் மாறிய பிறகும் ஊரில் நம்மை ‘ஈ.பி.காரர்’ என்றுதான் அழைக்கிறார்கள். களத்தில் வேலைப் பிரிவும் அப்படியே இருக்கிறது. பிரிவுக்குப் பொறுப்பு உதவிப் பொறியாளர். அவருக்குக் கீழே போர்மேன், மின்பாதை ஆய்வாளர், லைன்மேன், வயர்மேன், உதவியாளர், கேங்மேன். காகிதத்தில் பொறியாளர் மேலே இருக்கலாம். ஆனால் எந்தக் கம்பத்தின் அடி அரித்திருக்கிறது, எந்த ஏ.பி. சுவிட்ச் (கம்பத்தின் மேல் கத்திகளை விலக்கிப் பாதையைத் துண்டிக்கும் சுவிட்ச்) முழுதாகத் திறக்காது என்பதெல்லாம் லைன்மேனுக்குத்தான் தெரியும். முதல் ஆறு மாதம் அவரோடு நடந்து பழகுங்கள். சார் என்று அவர் உங்களை அழைப்பார். அண்ணே என்று நீங்கள் அவரை அழைப்பதில் எந்தக் குறையும் வந்துவிடாது.

முந்தைய நாள்: பாதையை நடந்து பாருங்கள்

எடுத்துக்காட்டாக, ஒரு 11 கே.வி. (11,000 வோல்ட்) ஃபீடரில், அதாவது துணை மின் நிலையத்திலிருந்து புறப்படும் மின்பாதையில், விரிசல் விட்ட இன்சுலேட்டர்களை மாற்ற வேண்டும், மூன்று கம்பங்களுக்கு இடையே தொய்ந்த கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். (கோவை, மதுரைப் பக்கம் இதுவே 22 கே.வி.யாக இருக்கலாம், முறை ஒன்றுதான்.) வேலை நடக்கும் இடத்துக்கு முந்தைய நாளே போய்விடுங்கள். வண்டியில் அமர்ந்தபடி பார்த்தால் போதாது. துணை மின் நிலையத்திலிருந்து வரும் திசையிலும் எதிர்த்திசையிலும், அடுத்த ஏ.பி. சுவிட்ச் வரும்வரை நடக்க வேண்டும்.

நடக்கும்போது மனத்தில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும்: இந்தக் கம்பிக்கு மின்சாரம் எந்தெந்த வழியாக வர முடியும்? துணை மின் நிலையம் ஒரு வழி. பக்கத்து ஃபீடரோடு இணைக்கும் சுவிட்ச் இருந்தால் அது இரண்டாவது வழி. நாம் வேலை செய்யும் பாதைக்கு மேலாகவோ கீழாகவோ வேறு பாதை குறுக்கே போனால், தொய்வோ காற்றோ அதை மூன்றாவது வழியாக்கிவிடும். ஒரே கம்பத்தில் இரண்டு ஃபீடர்கள் போகும் இடங்களும் உண்டு. அங்கே ஒன்றை நிறுத்தி மற்றொன்றை ஓடவிட்டால், நிறுத்திய கம்பியில் தூண்டலாலேயே ஆளைத் தூக்கி எறியும் அளவு மின்னழுத்தம் ஏறும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டுக்கும் சேர்த்தே எல்.சி. கேளுங்கள். மக்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

பலரும் மறந்துவிடும் வழி கீழே இருக்கிறது. பாதையில் உள்ள ஒவ்வொரு மின்மாற்றியும் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குகிறது. அதே மின்மாற்றி எதிர்த்திசையிலும் வேலை செய்யும். ஒரு திருமண மண்டபத்தில் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேரே இணைத்துவிட்டால், அந்த 230 வோல்ட் தெருக்கம்பி வழியாக மின்மாற்றிக்குள் போய், மறுபக்கத்தில் சுமை குறைவாக இருக்கும் பட்சத்தில் 10,000 வோல்ட் அளவுக்கு வெளியே வரும். துணை மின் நிலையத்தில் பிரேக்கர் (ஃபீடரைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) திறந்திருக்கும், எல்.சி. உங்கள் கையில் இருக்கும், கம்பியிலும் மின்சாரம் இருக்கும். கூரைச் சூரிய மின்தகடுகளை மின்கட்டமைப்போடு இணைக்கும் இன்வெர்ட்டர், கட்டமைப்பில் மின்சாரம் நின்றதும் தானே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பேட்டரியும் சேர்த்து யாரோ ஒருவர் மாற்றி அமைத்த வயரிங்கை நம்பி உயிரை வைக்க முடியாது. ஆகவே வேலைப் பகுதியில் உள்ள மின்மாற்றிகள், மண்டபங்கள், மருத்துவமனைகள், அரவை ஆலைகள், கைப்பேசிக் கோபுரங்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அழகான வரைபடம் தேவையில்லை. பென்சில் கோடு போதும். மறுநாள் காலை அந்தத் தாள்தான் உங்களுக்கு வழிகாட்டி.

காலை: பேச்சும் கருவிகளும்

வேலை தொடங்கும் முன் எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் பேசுங்கள். என்ன வேலை, யார் ஏறுவது, யார் கீழே நின்று பார்ப்பது, எந்தெந்தச் சுவிட்சைத் திறப்பது, எங்கே எர்த் போடுவது (கம்பியைத் தரையோடு இணைப்பது) என்று தாளைக் காட்டிச் சொல்லுங்கள். பிறகு ஏறப்போகும் ஆளைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இது முக்கியம். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஒருவர் காய்ச்சலோடு வந்திருக்கிறாரா, முந்தைய இரவு முழுக்கப் பழுதுவேலைக்குப் போய்விட்டுத் தூங்காமல் வந்திருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவரை அன்று கீழே நிறுத்துங்கள்.

கையுறையை ஊதிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டுப் பக்கத்தைச் சுருட்டி அழுத்தினால் காற்று உள்ளே நிற்க வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தால் சீறல் கேட்கும். இடுப்புக் கயிற்றின் தையல், கொக்கி, ஹெல்மெட்டின் பட்டை, எர்த் போடும் கோலான எர்த் ராடின் கவ்வி, அதன் செம்புக் கம்பியில் அறுந்த இழைகள் ஆகியவற்றையும் பாருங்கள். எர்த் ராடு போதவில்லை என்றால் அன்று வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். எர்த் ராடைக் குறைத்துக்கொண்டு வேலை செய்யாதீர்கள்.

எல்.சி. வாங்குதல்

துணை மின் நிலைய ஆபரேட்டரிடம் எல்.சி. கேட்பவர் ஒருவராக மட்டுமே இருக்க வேண்டும். திருப்பிக் கொடுப்பவரும் அதே ஆள்தான். நேரில் போய்க் கையெழுத்திட்டு வாங்குவதே நல்லது. தொலைபேசியில் வாங்க நேர்ந்தால் ஃபீடரின் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். ஆபரேட்டர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘நகர் ஃபீடர்’ என்ற பெயரில் இரண்டு இருக்கும் துணை மின் நிலையங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றைக் கேட்டு மற்றொன்றை நிறுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆபரேட்டர் பக்கத்தில் நடக்க வேண்டியவை: பிரேக்கரைத் திறப்பது, ஐசோலேட்டரை (கண்ணுக்குத் தெரியும்படி விலகும் துண்டிப்பான்) திறப்பது அல்லது பிரேக்கர் பொருத்திய டிரக்கை வெளியே இழுப்பது, எர்த் சுவிட்சைப் போடுவது, பூட்டுவது, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள், இயக்காதே’ என்ற பலகையை மாட்டுவது, பதிவேட்டில் நேரத்தோடு எழுதுவது. பிரேக்கர் மட்டும் திறந்திருந்தால் போதாது. கண்ணுக்குத் தெரியும்படி காற்றில் ஓர் இடைவெளி இருந்தால்தான் அதைத் துண்டிப்பு என்று ஏற்கலாம். அதே ஃபீடரில் வேறொரு குழுவும் வேலை செய்தால் அவர்களுக்குத் தனி எல்.சி. இருக்க வேண்டும், இரண்டும் திரும்பி வரும்வரை ஆபரேட்டர் சாவியைத் தொடக்கூடாது.

நேரம் குறித்துப் பேசி வைக்கும் வழக்கத்தை அறவே ஒழியுங்கள். ‘மூன்று மணிக்கு முடித்துவிடுவோம், நீங்கள் போட்டுவிடுங்கள்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். மூன்று மணிக்கு உங்கள் தொலைபேசியில் சார்ஜ் இல்லாமல் போகலாம், கம்பத்தில் ஒரு நட்டு இறுகி நிற்கலாம். கடிகாரம் உங்களுக்காக நிற்காது. கைக்குத் திரும்பி வந்த எல்.சி. ஒன்றுதான் மின்சாரம் கொடுப்பதற்கான அடையாளம்.

களத்தில் துண்டித்தல்

எல்.சி. வந்த பிறகு, வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும் உள்ள ஏ.பி. சுவிட்சுகளைத் திறக்க வேண்டும். சுமை ஓடிக்கொண்டிருக்கும்போது இவற்றைத் திறக்கக்கூடாது. வில்லாகத் தீ எழும்பும். அதனால்தான் துணை மின் நிலையம் முதலில், இது பிறகு. கையுறையோடு கைப்பிடியை இறக்கிப் பூட்டு போட்டுவிட்டு, தலையை நிமிர்த்திப் பாருங்கள். மூன்று கத்திகளும் விலகியிருக்கின்றனவா?

பணியில் சேர்ந்த புதிதில் கைப்பிடி முழுதாக இறங்கியதைக் கண்டு ‘சரி, ஏறலாம்’ என்று சொன்னேன். அருகில் நின்ற மின்பாதை ஆய்வாளர் என் தோளைப் பிடித்து மேலே காட்டினார். இரண்டு கத்திகள் விலகியிருந்தன. கோடியில் இருந்த மூன்றாவது, துருவால் ஒட்டி அப்படியே நின்றது. அன்று அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ‘கைப்பிடியைப் பார்க்காதே, கத்தியைப் பார்’ என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு சுவிட்சிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணியிருக்கிறேன்.

அடுத்து மின்மாற்றிகள். வேலைப் பகுதியில் உள்ள ஒவ்வொன்றிலும் முதலில் தாழ்வழுத்த ஃபியூஸ்களைக் கழற்றுங்கள். பிறகு அதன் ஏ.பி. சுவிட்ச், அதன் பிறகு எச்.ஜி. ஃபியூஸ், அதாவது மின்மாற்றியின் உயரழுத்தப் பக்கத்து ஃபியூஸ். கீழிருந்து வரும் வழி இப்படித்தான் அடைபடும்.

மின்மாற்றியில் மட்டும் வேலை இருக்கும் நாட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விபத்துகள் அங்கேதான் எளிதில் நடக்கின்றன. ஃபியூஸ் போட ஐந்து நிமிடம் ஆகும், இதற்கு எதற்கு ஃபீடர் முழுக்க நிறுத்துவது என்று தோன்றும். மின்மாற்றியின் ஏ.பி. சுவிட்சை மட்டும் திறந்துவிட்டு ஏறுவார்கள். சுவிட்சின் கீழ்ப்பக்கம்தான் துண்டிக்கப்பட்டிருக்கிறது. மேல்பக்கத்துத் தொடுமுனைகளில் 11,000 வோல்ட் அப்படியே நிற்கிறது, ஏறியவரின் தலைக்குக் கைநீட்டும் தூரத்தில். சறுக்கிய கால், நிமிர்ந்த தோள், கையில் இருக்கும் கம்பித் துண்டு, இவற்றில் எதுவும் போதும். எச்.ஜி. ஃபியூஸ் வரை ஏற வேண்டிய வேலை என்றால் ஃபீடருக்கு எல்.சி. வாங்கியே ஆக வேண்டும்.

சோதித்தல், எர்த் போடுதல்

இப்போது கம்பியில் மின்சாரம் இருக்கக்கூடாது. இருக்கக்கூடாது என்பதைச் சோதித்துத்தான் இல்லை என்று ஆக்க வேண்டும். மின்னழுத்தம் காட்டும் கருவியை முதலில் மின்சாரம் ஓடும் இன்னொரு பாதையருகே காட்டி, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு நம் பாதையில். பிறகு மறுபடியும் ஓடும் பாதையில். நடுவே பேட்டரி போய்விட்டிருந்தால் அதன் மௌனத்தை நம்பி ஏறியிருப்போம். பிரிவில் இந்தக் கருவி இல்லை என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதிய கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

எர்த் ராடு போடும் வரிசை மாறக்கூடாது. முதலில் தரைப்பக்கம்: கம்பத்தின் எர்த் இணைப்பிலோ, ஈரமான மண்ணில் ஆழமாக அடித்த கம்பியிலோ கவ்வியை இறுக்குங்கள். அதன் பிறகே காப்பிட்ட கோலால் மேல்கொக்கியை மின்கம்பியில் மாட்டுங்கள். எடுக்கும்போது தலைகீழாக: மேல்கொக்கி முதலில், தரைப்பக்கம் கடைசியில். வரிசையை மாற்றி மேல்கொக்கியை முதலில் மாட்டினால், கம்பியில் எஞ்சிய மின்சாரம் தரைக்குப் போக உங்கள் கையைத் தவிர வழி இருக்காது. மூன்று பேஸ்களையும் சேர்த்து எர்த் செய்ய வேண்டும். நாம் தொடப்போவது ஒன்றைத்தானே என்று விடக்கூடாது.

வேலை செய்யும் இடத்துக்கு இருபுறமும் எர்த் வேண்டும். யாரோ தவறுதலாகச் சுவிட்சைப் போட்டுவிட்டாலும், எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வந்தாலும், அது நம் ஆளை அடையும் முன் தரைக்குள் இறங்கும். அந்தப் பெருமின்னோட்டத்தை உணர்ந்து துணை மின் நிலைய ரிலே பிரேக்கரைத் தட்டிவிடும். மின்பாதையைக் கையால் தொடும் முன் எர்த் செய்து மின்னிறக்கம் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளிலேயே இருக்கிறது. நானோ அதைச் சட்டம் என்று நினைத்துச் செய்ததில்லை. மேலே ஏறியிருப்பவரின் மனைவியும் பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்துச் செய்தேன்.

தாழ்வழுத்தப் பாதையிலும் இதே கவனம் தேவை. 230 வோல்ட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. வியர்த்த கையோடு கம்பத்தில் இருப்பவரைக் கொல்ல அது போதும். குறிப்பாகத் தெருவிளக்குக் கம்பி. மூன்று பேஸ், நியூட்ரல் ஆகியவற்றோடு ஐந்தாவதாக ஓடும் அந்தக் கம்பிக்குச் சில தெருக்களில் பக்கத்து மின்மாற்றியிலிருந்து மின்சாரம் வரும். நாம் நம் மின்மாற்றியை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருப்போம். மாலை ஆறு மணிக்குத் தெருவிளக்குச் சுவிட்ச் விழும். ஆகவே ஐந்து கம்பிகளையும் சேர்த்துக் குறுக்கே இணைத்து எர்த் செய்யுங்கள்.

கம்பத்தில்

ஏறும் முன் கம்பத்தின் அடியைப் பாருங்கள். இரும்புக் கம்பம் என்றால் தரைமட்டத்தில்தான் துரு தின்றிருக்கும். கடப்பாரையால் அரையடி தோண்டித் தட்டிப் பாருங்கள். சிமெண்ட் கம்பத்தில் விரிசல் வழியே உப்புக்காற்று உள்ளே போய் முறுக்குக் கம்பிகளை அரித்திருக்கும். கடலோர ஊர்களில் இது சாதாரணம். கம்பத்தின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். பக்கத்தில் கால்வாய் தோண்டியிருந்தால் அந்தக் கணக்கு கெட்டுப்போயிருக்கும்.

கம்பியை ஒரு பக்கம் அவிழ்க்கும்போது மறுபக்கத்து இழுவை முழுக்கக் கம்பத்தின் மேல் விழும். தற்காலிக ஸ்டே (கம்பம் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பி) கட்டாமல் அவிழ்க்காதீர்கள். ஆளோடு கம்பம் சாய்வது, மின்சாரம் தாக்குவதற்குச் சற்றும் குறைந்த ஆபத்து இல்லை. கீழே நிற்பவர் ஒருவர் வேறு எந்த வேலையும் செய்யாமல் மேலே பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டீ வாங்கப் போவதற்கு அவரை அனுப்பாதீர்கள்.

கம்பியை இழுத்துக் கட்டிய பிறகு உயரத்தை அளந்துவிடுங்கள். சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில் 11 கே.வி. கம்பி தரையிலிருந்து 6.1 மீட்டருக்கும், தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டருக்கும் குறையக்கூடாது. வைக்கோல் ஏற்றிய லாரியும் தேர்த் திருவிழாவும் வரும் ஊரில் இந்த அளவில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. கோடை மதியத்தில் கம்பி நீண்டு தொய்யும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மார்கழிக் காலையில் அளந்த உயரம் சித்திரையில் இருக்காது.

திருப்பிக் கொடுத்தல்

வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணுங்கள். பெயர் சொல்லி அழைத்து, முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். ‘எல்லோரும் இறங்கிவிட்டார்கள்’ என்று யாரோ சொல்வதை ஏற்காதீர்கள். விட்டுப்போன பிளையரை எடுக்க ஒருவர் மறுபடி ஏறியிருப்பார். பிறகு எர்த் ராடுகளை எண்ணுங்கள். காலையில் நான்கு போட்டிருந்தால் நான்கும் வண்டிக்கு வர வேண்டும். மின்மாற்றி ஃபியூஸ்களையும் சுவிட்சுகளையும் பழையபடி போட்டு முடித்த பிறகு, எல்.சி. வாங்கிய அதே ஆள், ‘ஆட்களும் எர்த்தும் அகற்றப்பட்டன’ என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த நொடி முதல் பாதையில் மின்சாரம் இருப்பதாகவே எல்லோரும் கருத வேண்டும், இன்னும் போடவில்லை என்றாலும்.

இரவுப் பழுது

திட்டமிட்ட வேலையில் இத்தனையும் செய்யலாம். மழை கொட்டும் இரவு பதினோரு மணிக்கு ஃபீடர் டிரிப் ஆனால், அதாவது பழுதால் பிரேக்கர் தானே திறந்துகொண்டால்? நூறு பேர் தொலைபேசியில் கத்தும்போதும் படிகள் அவையேதான்.

முதலில் ஆபரேட்டரிடம் எந்த ரிலே காட்டுகிறது என்று கேளுங்கள். மிகைமின்னோட்டம் என்றால் கம்பிகள் ஒன்றோடொன்று மோதியிருக்கலாம், கிளை விழுந்திருக்கலாம். எர்த் பழுது என்றால் இன்சுலேட்டர் வெடித்தோ, கம்பி அறுந்தோ இருக்கலாம். பாதையின் நடுவிலுள்ள சுவிட்சைத் திறந்துவிட்டு முதல் பாதிக்கு மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். டிரிப் ஆகாமல் மின்சாரம் நிலைத்தால் பழுது பின்பாதியில். மறுபடி அதைப் பாதியாக்குங்கள். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். அறுந்த கம்பி ஒரு வயல் வரப்பில் கிடக்கலாம், அந்த வழியே யாராவது தண்ணீர் பாய்ச்சப் போகலாம். காய்ந்த மணலிலோ சாலையிலோ விழுந்த கம்பி ரிலேயைத் தட்டும் அளவுக்குக்கூட மின்னோட்டம் இழுக்காமல் உயிரோடு கிடக்கும். கம்பி அறுந்து கிடக்கிறது என்று யார் சொன்னாலும், குழந்தை சொன்னாலும், முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு போய்ப் பாருங்கள்.

ஒருவர் தாக்குண்டுவிட்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். உயரழுத்தக் கம்பியிடம் காய்ந்த குச்சியும் காப்பாற்றாது. நிறுத்தி எர்த் செய்த பிறகு, மூச்சு இல்லை என்றால் மார்பின் நடுவே இரண்டு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள்; 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். மின்ஆய்வாளருக்கு 24 மணி நேரத்துக்குள் தகவலும் 48 மணி நேரத்துக்குள் எழுத்து அறிக்கையும் போக வேண்டும். அதை மறைக்க யார் சொன்னாலும் உடன்படாதீர்கள். அடுத்த குழு அதே கம்பத்தில் ஏறப்போகிறது.

புயலுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குழுக்கள் வந்தன. இடுப்பளவு சேற்றில் கம்பங்களைத் தோளில் சுமந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வெளியூர்க் குழுவைத் தனியே அனுப்பாதீர்கள். உள்ளூர் லைன்மேன் ஒருவர் ஒவ்வொரு குழுவோடும் இருக்க வேண்டும். எந்தக் கம்பி எங்கிருந்து வருகிறது என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. விழுந்த பாதைகள் ஒன்றின்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும்.

அந்த நாட்களில் குடிநீர் ஏற்றவும் கைப்பேசிக்குச் சார்ஜ் போடவும் ஊருக்கு ஊர் வாடகை ஜெனரேட்டர்கள் ஓடும். எந்தத் தெருவில் எது எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஊருக்குள் நுழைந்ததும் ஊர்த்தலைவரைப் பார்த்து, ஜெனரேட்டர்கள் எங்கெங்கே ஓடுகின்றன என்று கேட்டு, வேலை முடியும்வரை அவற்றை நிறுத்தி வையுங்கள். பிறகு ஒவ்வொரு தாழ்வழுத்தப் பாதையிலும் ஐந்து கம்பிகளுக்கும் எர்த் போட்டுவிட்டு, முதல் ஆளை ஏறச் சொல்லுங்கள்.